அடிக்குறிப்பின் வேர்: பல்கலைக்கழக நூலகமும் தகவல் எழுத்தறிவும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதுகலைத் தமிழ் மாணவி ஒருவர் தம் பருவக் கட்டுரையின் வரைவை நூலகத்துக்குக் கொண்டுவந்தார். அடிக்குறிப்புகளை ஒழுங்குசெய்ய உதவி வேண்டும் என்றார். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது: ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை வேண்டும் என்னும் அளவுகோலின்படி 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது என்று. அதற்கு அடிக்குறிப்பும் இட்டிருந்தார். அது போட்டித் தேர்வுக்கான வழிகாட்டி நூல் ஒன்றைச் சுட்டியது. நூல் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தோம். அவர் குறித்த பக்கத்தில் அந்தச் செய்தி அப்படியே இருந்தது. நூலாசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என எதிலும் பிழை இல்லை.

செய்திதான் தவறு. 2004 அக்டோபர் 12 அன்று நடுவண் அரசு செம்மொழி என்ற வகைமையை உருவாக்கித் தமிழை அதில் சேர்த்தபோது வைத்த அளவுகோல், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மை என்பது. ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ஆண்டு என்ற திருத்தம் 2005 நவம்பரில், சமஸ்கிருதம் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட சமயத்தில் வந்தது. 2024இல் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் ஆகிய ஐந்தும் சேர்க்கப்பட்டபோது அளவுகோல் மறுபடி மாறியது. இலக்கிய மரபு வேறொரு மொழிச் சமூகத்திடம் கடன் பெறாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய், உரைநடை நூல்களும் கல்வெட்டுச் சான்றுகளும் உள்ளே வந்தன. வழிகாட்டி நூலை எழுதியவர் மூன்று கட்டங்களில் இரண்டை ஒன்றாக்கிவிட்டார். மாணவி அதை நம்பினார். கட்டுரையின் மைய வாதமே செம்மொழித் தகுதியின் அளவுகோல் பற்றியது என்பதால், அந்த ஒரு வரியோடு மூன்று பக்கமும் சரிந்தன.

மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததை அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார். நூலகப் பட்டியலில் தேடினார், வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு நூலை எடுத்தார், மேற்கோள் விதிப்படி குறிப்பெழுதினார். கண்டுபிடிப்பதைக் கற்பித்த நாங்கள், கண்டதற்கு மேலே ஏறிச் செல்வதைக் கற்பிக்கவில்லை. ஒரு செய்தியைப் பார்த்ததும் இது இவருக்கு எங்கிருந்து வந்தது, அவருக்கு யார் சொன்னது என்று படிப்படியாக மூலம்வரை போகும் பழக்கம்தான் தகவல் எழுத்தறிவின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பழக்கத்தைத் தனி நூலக வகுப்பால் ஊட்ட முடியாது. பாடத்துறையின் கேள்விக்குள், மதிப்பெண்ணோடு, நூலகரும் ஆசிரியரும் சேர்ந்துதான் ஊட்ட முடியும். தமிழில் படித்துத் தமிழில் எழுதும் மாணவருக்கு இதில் இறக்குமதிச் சட்டகங்கள் எதுவும் தொடாத ஒரு பகுதியும் உண்டு. அதற்கும் பின்னர் வருகிறேன்.

தகவல் எழுத்தறிவு என்ற சொல்லாட்சி நூலகத்தில் பிறந்ததல்ல. அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த பால் சுர்கோவ்ஸ்கி, நூலகங்களுக்கான தேசிய ஆணையத்துக்கு 1974இல் அளித்த அறிக்கையில் அதைப் பயன்படுத்தினார். தகவல் மூலங்களை வேலையில் கையாளப் பயிற்சி பெற்றவர் என்ற பொருளே அங்கு முதன்மை. அலுவலகத்துக்கு ஆள் தயாரிக்கும் நோக்கம் அதில் தெளிவாகவே இருந்தது. அதன்பின் நூலகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று தந்த வரையறை இன்றுவரை வழங்குகிறது: தகவல் எப்போது தேவை என்று உணர்ந்து, அதைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன். 2000இல் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் இதை ஐந்து தரநிலைகளாக வகுத்தது. ஒவ்வொரு தரநிலைக்கும் அளக்கத்தக்க செயல்கள் குறிக்கப்பட்டன. அளக்க முடிந்ததால் அது உலகம் முழுவதும் பரவியது. நம் நூலகவியல் துறைகளில் வந்த ஆய்வேடுகள் பலவும் இந்த ஐந்தை வினாநிரலாக்கி மாணவர்களிடம் கொடுத்து எண்ணிக்கை எடுத்தவையே.

அதே சங்கம் 2015இல் தன் நிலையை மாற்றிக்கொண்டு, 2016இல் பழைய தரநிலைகளை விலக்கியது. புதிய சட்டகத்தில் திறன்களின் பட்டியல் இல்லை. ஆறு கருத்துருக்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு மிகவும் வேண்டியவை. ஒன்று, புலமை அதிகாரம் என்பது ஒரு சமூகம் தன் சூழலுக்கேற்பக் கட்டித் தருவது. மற்றொன்று, ஆய்வு என்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஓர் உரையாடல். இந்த மாற்றத்தின் கனத்தை நம் பாடத்திட்டங்கள் இன்னும் உணரவில்லை. தேடலை ஒரு கைத்தொழிலாகப் பார்த்த காலம் முடிந்து, அறிவு எப்படி உண்டாகிறது என்று மாணவர் அறிய வேண்டும் என்ற இடத்துக்கு நூலகவியல் வந்திருக்கிறது. நம் வகுப்புகளோ இன்றும் திரையில் தேடல் பெட்டியைக் காட்டி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்வதோடு நிற்கின்றன.

புலமை அதிகாரம் சூழலைச் சார்ந்தது என்ற கருத்தைத் தமிழ் மாணவரிடம் வைத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் மதிப்பீட்டுச் சரிபார்ப்புப் பட்டியல்கள் ஆசிரியரின் பட்டம் என்ன, எந்த நிறுவனத்தில் பணி, நூல் எவ்வளவு புதியது, வல்லுநர் சரிபார்த்த இதழா என்று கேட்கும். அந்தப் பட்டியலை உ.வே. சாமிநாதையரிடம் நீட்டினால் என்ன ஆகும்? கல்லூரியில் பயின்று பெற்ற பட்டம் அவருக்கு இல்லை. திருவாவடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவருடைய புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான வையாபுரிப்பிள்ளை சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். தமிழியலின் அடித்தளக் கட்டுரைகள் பல சிற்றிதழ்களிலும் ஆண்டு மலர்களிலும் மாநாட்டுச் சிறப்பிதழ்களிலும் கிடக்கின்றன. பட்டியல் இவர்களைத் தள்ளிவிடும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஒரு பன்னாட்டு இதழை, எண்ணும் முத்திரையும் இருப்பதால், உள்ளே விட்டுவிடும்.

சரிபார்ப்புப் பட்டியல் ஏன் தோற்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்டது அது. பத்து வரலாற்றறிஞர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் பத்துப் பேர், இருபத்தைந்து இளங்கலை மாணவர்கள் எனப் பிரித்து, ஒரே இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள்கூடத் தளத்தின் தோற்றத்திலும் பெயரிலும் ஏமாந்தார்கள். அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழாகப் படித்ததுதான் காரணம். செய்தி சரிபார்ப்பவர்கள் வந்த வேகத்தில் வெளியேறி, புதிய சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. ஒரு மூலத்தை அதன் உள்ளே இருந்துகொண்டு எடைபோட முடியாது என்பதே இதன் சாரம். பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் பெண் கொடுத்த சமூகத்துக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய நெறி அல்ல. படிப்பில் மட்டும் அதை மறந்துவிட்டோம்.

இனி நம் நூலகங்களுக்கு வருவோம். புதிதாகச் சேர்ந்த மாணவரைக் கைப்பிடித்து நூலகத்துக்குள் அழைத்துச் செல்வதை நூலகரின் அடிப்படைக் கடமையாக வகுத்தவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக்கினார். நோக்குதவிப் பணி பற்றி அவர் எழுதியபோது புதியவருக்கு நூலகத்தைப் பழக்குவதைத் தனி வகையாகப் பிரித்து, அதை உடனடி விடை தரும் பணியோடும் நெடுநேரத் தேடல் பணியோடும் ஒரே வரிசையில் வைத்தார். புதியவருக்கான அறிமுகம் அவருக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அதன்பின் வாசகர் கேள்வியோடு வருவார், நூலகர் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து தேடுவார் என்பதே அவர் கண்ட ஒழுங்கு.

அந்தத் தொடக்கம் மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு நாள். அறுபது மாணவர்கள் வரிசையாக வருவார்கள். இது இதழ்ப் பிரிவு, இது மின்னூலகம், இங்கே பையை வைக்க வேண்டும், அட்டைக்கு இரண்டு புகைப்படம், இத்தனை நாளுக்குள் திருப்பாவிட்டால் தண்டம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தர மதிப்பீட்டுக் கோப்புக்கு ஒரு படம் எடுப்போம். நானும் பல ஆண்டு இப்படித்தான் நடத்தினேன். அந்த நாளில் மாணவரிடம் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இல்லாதவருக்கு விடை தேடும் வழியைச் சொல்வது பசி இல்லாதவருக்குச் சமையல் குறிப்பு சொல்வது போல. அவருக்குக் கேள்வி வரும் மார்ச் மாதத்தில், கட்டுரைச் சமர்ப்பிப்பு நாள் நெருக்கும் இரவில், அவர் நூலகத்தை நினைப்பதே இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆணைகள் இந்தக் குறையைச் சரிசெய்யும் என்று பலரும் எதிர்பார்த்தோம். 2018ஆம் ஆண்டின் கருத்துத்திருட்டு ஒழுங்குமுறை, கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு பருவத்திலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த ஒழுங்குமுறையிலிருந்து ஆய்வாளர் நெஞ்சில் பதிந்தது ஓர் எண் மட்டும். ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. பத்து முதல் நாற்பது, நாற்பது முதல் அறுபது, அறுபதுக்கு மேல் எனத் தண்டனை படிப்படியாக ஏறும். விளைவு என்ன? என்னிடம் வருபவர்கள் இந்தக் கருத்து யாருடையது, எப்படி நன்றி சொல்வது என்று கேட்பதில்லை. பதினேழு வந்திருக்கிறது, பத்துக்குக் கொண்டுவர எந்தச் சொற்களை மாற்றலாம் என்று கேட்கிறார்கள். சொல்லை மாற்றினால் எண் இறங்கும். கருத்து யாருடையதோ அவருடைய பெயர் இல்லாமலேயே அது ஆய்வேட்டில் தங்கிவிடும்.

அந்த ஒழுங்குமுறையில் இன்னொரு விவரமும் இருக்கிறது. பொதுவழக்காகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்ச்சியான பதினான்கு சொற்கள்வரை கணக்கில் வராது. ஆங்கிலத்தில் பதினான்கு சொல் ஒரு நடுத்தர வாக்கியம். வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் தமிழில் பதினான்கு சொல் ஒரு நீண்ட வாதத்தையே சுமக்கும். ஒரு மொழியின் இலக்கணத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவு இன்னொரு மொழிக்குப் பொருந்தாது என்பதை யாரும் விவாதிக்கக் காணோம். அதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. தமிழ் ஆய்வேடுகள் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் இலத்தீன் எழுத்துக் குவியலாக இருக்கும். ஒரு பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தால் புரியும். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அங்கே எதைக் கண்டுபிடிக்கும்? சுழியத்துக்கு அருகே ஓர் எண் வரும், சான்றிதழும் கிடைக்கும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும் ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைகளில் பழைய எழுத்துரு நெடுநாள் ஓய்வு பெறவில்லை.

இதழ்ப் பட்டியலின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. எந்த இதழில் வெளியிட்டால் மதிப்பு என்பதற்கு மானியக் குழு ஒரு பட்டியல் வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்கள் ஒரே அறிவிப்பில் நீக்கப்பட்டன. அடுத்துக் கேர் (UGC-CARE) என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. ஆய்வு மாணவர்கள் இதழைத் திறந்து படிக்காமல் அதன் பெயர் பட்டியலில் உண்டா என்று மட்டும் பார்க்கப் பழகினார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டது. இதழை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள், இவை வழிகாட்டும் அளவுகோல்கள் என்று நிறுவனங்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டு பட்டியலின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, இதழின் ஆசிரியர் குழுவைப் பார்ப்பது, பழைய இதழ்களை எடுத்துப் படிப்பது, அதில் எழுதியவர்களை வேறு எவர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தேடுவது ஆகியவை கைவரவில்லை. பட்டியல் இருக்கும்வரை அந்தத் திறன் இல்லாதது வெளியே தெரியாது. பட்டியல் போனதும் தெரிந்துவிட்டது. 2019 இறுதியில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆய்வு, வெளியீட்டு அறநெறிப் பாடம் இதற்கு இடம் தருகிறது. ஆனால் அது முனைவர் பட்டத்தில் தொடங்குகிறது. இளங்கலையில் விழ வேண்டிய விதையை அறுவடைக் காலத்தில் தூவுகிறோம்.

தகவலுக்கான வாசலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்கள், பதின்மூவாயிரத்துக்கு அருகான இதழ்கள். சிறிய ஊர்க் கல்லூரி மாணவருக்கும் பெரிய நிறுவனத்து மாணவருக்கும் ஒரே வாசல் திறப்பது பெரிய காரியம். மனமார வரவேற்கிறேன். ஆனாலும் கடலைக் காட்டிவிட்டால் நீந்தத் தெரிந்துவிடாது. தமிழ் இலக்கியம், தமிழ்நாட்டு வரலாறு, நாட்டார் வழக்காறு பயிலும் மாணவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்தச் சந்தாவுக்கு வெளியே இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், மதுரைத் திட்டத்தில், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளத்தில், உ.வே.சா. நூலகத்தில் அது இருக்கிறது. இந்தப் பெயர்களை முதுகலை இரண்டாம் ஆண்டில்கூடக் கேள்விப்படாதவர்களை நான் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன்.

பெயர் தெரிந்தாலும் தேடத் தெரிய வேண்டும். இதைத்தான் இறக்குமதிச் சட்டகங்கள் தொடாத பகுதி என்றேன். சிலப்பதிகாரம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் அது ஆங்கிலச் 'சி' எழுத்தில் தொடங்கும். நம் ஊர் ஆங்கில நூல்களில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். சிலர் 'சி', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். நடுவில் வரும் தகரத்துக்கு 'டி' (t), 'டிஎச்' (th), இன்னொரு 'டி' (d) என்று மூன்று வழி. நூலகப் பட்டியலில் தமிழ் நூலை ஆங்கில எழுத்தில் ஏற்றியவர் எந்த வழியில் ஏற்றினாரோ, அந்த வழியில் தட்டினால்தான் நூல் கிடைக்கும். இல்லை என்று திரை சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போன மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் அந்த நூல் நின்றுகொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆசிரியர் பெயரும் அப்படியே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர்; முதலெழுத்து முன்னே, முதலெழுத்து பின்னே.

தமிழ் எழுத்திலேயே தேடினாலும் மொழியின் இயல்பு குறுக்கே வரும். கல்வெட்டுச் சான்று என்று பிரித்துத் தேடினால், சேர்த்து எழுதிய கட்டுரை வராது. வல்லெழுத்து மிகாமல் எழுதிய கட்டுரையும் வராது. நூலகம் என்று தேடுபவருக்கு நூலகத்தில், நூலகங்கள், நூலகத்துக்கு என்பவை பல தேடுபொறிகளில் வேறு சொற்கள். அதனால் மாணவருக்கு முதல் வகுப்பிலேயே ஓர் எளிய உத்தியைப் பழக்குகிறேன்: கடைசி மெய்யை விட்டுவிடு. நூலக என்று மட்டும் இட்டு, மீதியைக் குறிக்கும் விண்மீன் குறியைச் சேர்த்தால் அத்தனை வடிவங்களும் விழுந்துவிடும். இதைச் சொல்லும்போது வகுப்பில் முகங்கள் மலரும். மகரம் கெட்டு அத்துச்சாரியை வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதி, கணினியின் முன்னால் உயிர்பெற்று வந்து அவர்களுக்கு வேலை செய்கிறது. இலக்கணம் படித்த தமிழ் மாணவர் தேடலில் மற்றவர்களைவிட வல்லவராக வேண்டியவர். அந்தத் தொடர்பை யாரும் அவருக்குக் காட்டாததே குறை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் தேவையா என்று ஆசிரியர் சிலர் கேட்கிறார்கள். கேட்டால் விடை தரும் இயந்திரம் இருக்கும்போது தேடல் எதற்கு? நியூயார்க் நீதிமன்றத்தில் 2023இல் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுவேன். விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் பல மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. வழக்கின் பெயர், நீதிமன்றம், ஆண்டு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. சாட்ஜிபிடி எழுதித் தந்த அந்த வழக்குகள் நடக்கவே இல்லை. 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. என் மேசைக்கு வரும் நூற்பட்டியல்களிலும் இதே வகைப் பேய்கள் வருகின்றன. உண்மையான அறிஞரின் பெயர், உண்மையான பதிப்பகம், பொருத்தமான ஆண்டு. ஆனால் அப்படியொரு நூலை அவர் எழுதவில்லை. தமிழில் இந்த ஆபத்து கூடுதல். ஆங்கில நூலென்றால் இணையத்தில் பார்த்ததும் பொய் வெளிப்பட்டுவிடும். தமிழ் நூலென்றால் இணையத்தில் இல்லாத உண்மை நூல்களே ஏராளம் என்பதால், தேடிக் கிடைக்காததை வைத்து முடிவு சொல்ல முடியாது. இரண்டு மூன்று நூலகப் பட்டியல்களையும் அந்த அறிஞரைப் பற்றி வந்த நூலடைவையும் பார்த்த பிறகுதான் நூல் உண்டா இல்லையா என்று சொல்லலாம். பழைய நூலடைவுப் பணி மறுபடி முன்வரிசைக்கு வந்துவிட்டது.

மூலம்வரை போகும் இந்தப் பழக்கத்தை எப்படிக் கற்பிப்பது? மேலே சொன்ன மாணவியின் வகுப்பாசிரியரும் நானும் அடுத்த பருவத்தில் ஒன்று செய்து பார்த்தோம். தாளில் மாற்றம் இல்லை, பாடத்திட்டமும் அதேதான். அகமதிப்பீட்டுக்குரிய கட்டுரையை மட்டும் மாற்றினோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாடநூலிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய், எட்ட முடிந்த மிகப் பழைய மூலம்வரை எழுத வேண்டும். வழியில் தட்டிய தேடற்சொற்கள், தவறிய இடங்கள், மூடியிருந்த கதவுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். நோட்டுக்குப் பாதி மதிப்பெண், அதை நான் திருத்துவேன். கட்டுரைக்குப் பாதி, அதை ஆசிரியர் திருத்துவார். நூலகத்தில் நடந்த வகுப்புகள் மூன்றே. மூன்றும் மாணவர் கேள்வியோடு வந்த பிறகு நடந்தவை.

ஒரு மாணவர் தம் ஊர்க் கோயிலின் காலத்தைத் தலபுராணத் துண்டறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டார். துண்டறிக்கையிலிருந்து மாவட்டக் கையேட்டுக்கும், அங்கிருந்து தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிக்கும் போனார். தொகுதியில் கல்வெட்டு இருந்தது, அரசன் பெயரும் இருந்தது. ஆனால் ஆட்சியாண்டு மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயரில் அரசர் ஒருவருக்கு மேல் உண்டு. துண்டறிக்கை எழுதியவர் அவர்களில் மிகப் பழையவரைத் தேர்ந்துகொண்டார் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. மாணவர் நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எழுத்தமைதியை வைத்து எந்த அரசர் என்று சொல்ல முடியுமா, யாரிடம் கேட்கலாம்? புலமை உரையாடலில் அவர் தம் இருக்கையைப் பிடித்துக்கொண்டார் என்று நான் சொல்வேன். எந்த வினாநிரலாலும் இந்தக் கணத்தை அளக்க முடியாது.

எதிர்ப்பும் உண்டு. நூலகருக்கு மதிப்பெண் இட உரிமை ஏது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகள் பலவற்றில் நூலகர் பணியிடமே காலியாகக் கிடக்கிறது, இருக்கும் ஒருவரும் நுழைவாயில் பதிவேட்டையும் புத்தகக் கணக்கெடுப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. அறுபது நோட்டுகளைத் திருத்த எனக்கு இரண்டு வாரம் பிடித்தது, வீட்டுக்கும் எடுத்துப்போனேன். இந்த உழைப்பை ஒவ்வொரு நூலகரும் தம் விருப்பத்தால் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே பாடத்திட்டக் குழுவில் நூலகருக்கு ஓர் இடம், இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஏதாவது ஒரு தாளுக்குள் இந்தப் பயிற்சி, அதற்குரிய பணி நேரக் கணக்கு என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். தனித் தாளாக வைக்கச் சொல்லவில்லை. தனித் தாளானால் அதற்கும் ஒரு வழிகாட்டி நூல் வந்துவிடும். ஐந்து தரநிலைகள் யாவை என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்கப்படும்.

முதலில் வந்த மாணவி தம் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தார். அந்த ஒற்றை வரிக்கு இருந்த அடிக்குறிப்பு இப்போது ஆறு வரியாகியிருந்தது. 2004, 2005, 2024 என மூன்று கட்டங்களும் தனித்தனியாக இருந்தன. அவற்றைத் தாம் 2024 அக்டோபரில் வெளியான அரசின் செய்திக்குறிப்பு வழியாகவே அறிந்ததாகவும், 2004ஆம் ஆண்டின் அறிவிக்கையை நேரில் பார்க்கவில்லை என்றும் கடைசியில் தெளிவாக எழுதியிருந்தார். வரைவை மூடிவிட்டு, அந்த அறிவிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அரசிதழின் பழைய தொகுதிகளுக்குக் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். சனிக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.